கன அளவு: அட்டவணையை மூடிவிட்டுப் படித்தது

ஒரு தேர்வில் கூம்பு ஒன்றின் கன அளவைக் கேட்டிருந்தார்கள். ஆரம் 7 செ.மீ., சாயுயரம் 25 செ.மீ. நான் 25-ஐயே உயரமாக எடுத்துக்கொண்டேன். π-ஐ 22/7 என்று வைத்ததில் 1283.33 என்று விடை வந்தது. சூத்திரம் சரி, பெருக்கலும் சரி, ஆனால் மதிப்பெண் போய்விட்டது. உச்சியிலிருந்து அடியின் மையத்துக்கு நேராக இறங்குவதுதான் உயரம். சரிந்து விளிம்புக்கு வருவது சாயுயரம். 25-இன் வர்க்கம் 625-இல் 7-இன் வர்க்கம் 49 போக 576, அதன் வர்க்கமூலம் 24. அதைப் போட்டால் 1232 கன செ.மீ. என்று முழு எண்ணாகவே வரும். 7, 24, 25 போன்ற எண்களைக் கேள்வியில் பார்த்தாலே இப்போது என் கை முதலில் ஒரு செங்கோண முக்கோணத்தை வரைந்துவிடும்.

அந்தத் தேர்வுக்கு நான் சூத்திர அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். அடுத்த முறை அதை மூடி வைத்துவிட்டு, 'அடிப்பரப்பு × உயரம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். கனச்சதுரம், கனச்செவ்வகம், பட்டகம், உருளை எல்லாம் இதில் அடங்கிவிடும். அடி முதல் மேல் வரை ஒரே அகலம் என்றால் இது போதும். கூம்பும் பிரமிடும் மேலே போகப் போகக் குறுகி ஒரு புள்ளியில் முடிகின்றன. அதே அடியும் உயரமும் கொண்ட உருளையிலோ பட்டகத்திலோ அவை மூன்றில் ஒரு பங்கு. நம்பிக்கை வரவில்லையா? அட்டையில் ஒரு கூம்பும் உருளையும் செய்து, மணலை அள்ளிக் கொட்டிப் பாருங்கள். சரியாக மூன்று முறையில் உருளை நிரம்பும்.

கோளம்தான் எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. அதை விளக்கியது ஆர்க்கிமிடீஸின் கண்டுபிடிப்பு: கோளத்தை இறுக்கமாக உள்ளடக்கும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு கோளம். கோளத்தின் ஆரம் r என்றால் அந்த உருளையின் ஆரமும் r, உயரம் 2r என்பதால் அதன் கன அளவு 2πr³, அதில் மூன்றில் இரண்டு பங்கு 4/3 πr³. அதே உருளைக்குள் கூம்பையும் வைத்தால் கூம்பு, கோளம், உருளை மூன்றும் 1 : 2 : 3. எவ்வளவு அழகு! தன் கல்லறையில் கோளமும் உருளையும் இடம்பெற வேண்டும் என்று அவர் விரும்பினாராம்.

அப்புறம், π-க்கு மதிப்பு போட அவசரப்படாதீர்கள். 6 செ.மீ. ஆரமுள்ள கோளத்தை உருக்கி 2 செ.மீ. ஆரமுள்ள குண்டுகள் செய்தால் எத்தனை கிடைக்கும்? 4/3-உம் π-யும் இரண்டு பக்கமும் அடிபட்டு, 216-ஐ 8-ஆல் வகுப்பதுதான் மிச்சம்: 27.

கூம்பின் மேல்பகுதியை அடிக்கு இணையாக வெட்டி எடுத்தபின் மிஞ்சும் கீழ்ப்பகுதிதான் இடைக்கண்டம். அதன் சூத்திரம் மறந்துபோனாலும் பயம் வேண்டாம். பெரிய கூம்பிலிருந்து மேலே வெட்டிய சின்னக் கூம்பைக் கழித்துவிடுங்கள். பாதி உயரத்தில் வெட்டினால் சின்னக் கூம்பு எட்டில் ஒரு பங்கு, ஆகவே இடைக்கண்டம் எட்டில் ஏழு.

கணக்கைத் தொடங்கும் முன் எல்லா அளவையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1 கன மீட்டர் என்பது 10,00,000 கன செ.மீ., அதாவது 1000 லிட்டர். இதை நூறு என்று நினைத்துத் தவறு செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொடுத்திருப்பது விட்டமா ஆரமா என்பதையும் கேள்வியிலேயே அடிக்கோடிட்டு வையுங்கள். விட்டத்தை ஆரமாக எடுத்துவிட்டால் உருளையின் விடை நான்கு மடங்காகிவிடும், கோளத்துக்கு எட்டு மடங்கு.