ஐந்தால் வகுத்தேன், 13 பேர் பிழைத்துக்கொண்டார்கள்

ஹெச்இஓஆர் பெல்லோஷிப் பற்றி எழுதச் சொல்லி மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் பார்மசி படித்தவர்கள், எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறீர்கள்? நானும் ரொம்ப நாள் இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "சுகாதாரப் பொருளாதாரமும் விளைவு ஆய்வும்" என்று முழுப் பெயரைச் சொன்னால் கேட்டவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு மருந்து வேலை செய்கிறதா, பாதுகாப்பானதா என்று பார்த்து அனுமதி கொடுப்பது ஒரு கட்டம். அதற்கு அப்புறம், பணம் கொடுக்கப்போகிற அரசோ காப்பீட்டு நிறுவனமோ, "ஏற்கெனவே இருக்கிற மருந்தைவிட இது எவ்வளவு மேல், அந்த மேலுக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்வதும், மருந்துச் சோதனைகளுக்கு வெளியே நிஜ நோயாளிகளுக்கு என்ன ஆனது என்று தரவுகளில் தேடுவதும்தான் எங்கள் வேலை. அமெரிக்காவில் பார்ம்டி என்கிற பார்மசி டாக்டர் பட்டம் முடித்தவர்களுக்கு இதற்கென்றே பெல்லோஷிப்கள் இருக்கின்றன. பெரும்பாலும் 2 ஆண்டு. பாதிக் காலம் பல்கலைக்கழகத்திலும் பாதிக் காலம் மருந்து நிறுவனத்திலுமாக இருப்பவை உண்டு, கூடவே ஒரு முதுகலைப் பட்டமும் தருபவை உண்டு. நான் சேர்ந்தது பாதிக்குப் பாதி வகை.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

சேர்ந்து நான்காவது மாதம் என்று நினைக்கிறேன். முதல் மாடல் செய்யச் சொன்னார்கள். மார்கோவ் மாடல் என்று பெயர், கேட்கத்தான் பயமாக இருக்கும். நோயாளிகளை மூன்று பெட்டிகளில் போட்டுக்கொள்ளுங்கள்: நோய் கட்டுக்குள் இருப்பவர்கள், நோய் முற்றியவர்கள், இறந்தவர்கள். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை சதவீதம் பேர் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகிறார்கள் என்று எழுதிவிட்டால் மிச்சத்தை எக்செல் பார்த்துக்கொள்ளும். அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புது மருந்துக்கு எங்களிடமே முழுத் தரவு இருந்தது, ஆண்டுவாரியாக எடுத்துக்கொண்டேன். பழைய சிகிச்சைக்கு ஒரு கட்டுரை மட்டும்தான் கிடைத்தது. அதில், நோய் முற்றியவர்களில் 60 சதவீதம் பேர் 5 ஆண்டுக்குள் இறந்துவிட்டார்கள் என்று இருந்தது. எனக்கு வேண்டியது ஓர் ஆண்டுக்கான எண். 60-ஐ 5-ஆல் வகுத்தேன், 12 வந்தது, கட்டத்தில் போட்டேன், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்றே அப்போது தோன்றவில்லை.

என் மென்டார் அதிகம் பேசாதவர். மாடலைத் திறந்தார், வண்ண வண்ணமாக நான் போட்டிருந்த வரைபடங்களைப் பார்க்கவே இல்லை, நேராக அந்தக் கட்டத்தில் போய் நின்றார். "இந்த 12 எங்கிருந்து வந்தது?" சொன்னேன். "100 பேரை வைத்து கையால் ஓட்டிப் பாருங்கள்" என்றார்.

ஓட்டினேன். முதல் ஆண்டு முடிவில் 100-ல் 88 பேர் உயிரோடு. இரண்டாம் ஆண்டு 12 சதவீதம் என்பது 100-க்கு அல்ல, இந்த 88-க்குத்தான், அதனால் மிச்சம் 77. அப்புறம் 68, அப்புறம் 60, ஐந்தாம் ஆண்டு முடிவில் 53. கட்டுரைப்படி 40 பேர்தான் இருந்திருக்க வேண்டும். "13 பேரை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள்" என்றார், சிரிக்காமல். அதுவும் யாருக்கு? பழைய சிகிச்சைக்கு. சம்பளம் கொடுக்கிற நிறுவனத்தின் மருந்துக்கே குழி பறித்திருக்கிறேன்.

சரியான வழி இது: ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருப்பவர்கள் 0.4 பங்கு. எந்த எண்ணை ஐந்து முறை பெருக்கினால் 0.4 வரும்? ஏறக்குறைய 0.833. அப்படியானால் ஆண்டுக்கு இறப்பவர்கள் 16.7 சதவீதம். பன்னிரண்டுக்கும் பதினாறேமுக்காலுக்கும் இருக்கிற இந்த வித்தியாசம் 20 ஆண்டுக்கு ஓடுகிற மாடலில் கடைசி விடையையே புரட்டிப் போட்டுவிடும். இதில் ஒரு வேடிக்கை, எண் சின்னதாக இருந்தால் தப்பு கண்ணுக்கே தெரியாது. ஐந்து ஆண்டில் 20 சதவீதம் என்றால் வகுத்தால் 4, சரியான விடை 4.36. யார் கவனிக்கப்போகிறார்கள்?

அன்றிலிருந்து என் ஒவ்வொரு மாடலிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நெடுவரிசை உண்டு, இது எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம், எந்த அட்டவணை, நான் என்ன மாற்றினேன் என்று எழுதி வைக்க. இரண்டு ஆண்டில் நான் கற்றதைக் கறாராகப் பட்டியல் போட்டால் முக்கால்வாசி இந்த நெடுவரிசைக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது க்வாலி. இதைப் பற்றி நிறையப் பேசலாம். ஒரு சிகிச்சை ஆயுளை எவ்வளவு நீட்டுகிறது என்பதோடு, அந்த ஆயுள் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து ஒரே எண்ணாக்குவது. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. 0.7 மதிப்புள்ள நிலையில் 4 ஆண்டு வாழ்ந்தால் 2.8 க்வாலி. அந்த 0.7-ஐ யார் தருகிறார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? இக்யூ-5டி என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், அன்றாட வேலைகள், வலி, கவலை என ஐந்தே ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி இருக்கிற வடிவத்தில் மொத்தம் 3,125 நிலைகள் வரும். 11111 என்றால் ஒரு குறையும் இல்லை.

முதல் வாரமே அதை என்னையே நிரப்பச் சொன்னார்கள். 11122 போட்டேன். கழுத்து வலி, புது வேலைப் பதற்றம். அடுத்து ஒரு கேள்வி வந்தது: இதே நிலையில் 10 ஆண்டு இருக்கிறீர்களா, இல்லை, எந்தக் குறையும் இல்லாமல் கொஞ்சம் குறைவான ஆண்டுகள் போதுமா? எத்தனை ஆண்டு என்றால் இரண்டும் சமம் என்று சொல்வீர்கள்? ஏழு என்றால் உங்கள் நிலையின் மதிப்பு 0.7. நான் ஒன்பதரை என்றேன். சொன்ன கையோடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அரை ஆண்டு ஆயுளைக் கழுத்து வலிக்காக இவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே! படுத்த படுக்கையாக இருப்பவரிடம் இதே கேள்வியைக் கேட்டால்? சில நிலைகளுக்கு மக்கள் தருகிற மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே போகிறது, அதாவது செத்தாலே தேவலை என்கிறார்கள். ஆனால் அந்த நோயோடு வாழ்கிறவர்களைக் கேட்டால், வெளியிலிருந்து கற்பனை செய்கிறவர்களைவிடப் பெரும்பாலும் கூடுதல் மதிப்புதான் தருகிறார்கள். பழகிக்கொள்கிறார்கள். அப்படியானால் யாருடைய எண்ணை மாடலில் போடுவது? இதற்கு ஒரே விடை கிடையாது, நாட்டுக்கு நாடு விதி உண்டு, விதியைப் படித்துவிட்டுப் போடுங்கள் என்றார் மென்டார். அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் முழுசாகத் திருப்தி இல்லை.

கூடுதல் செலவைக் கூடுதல் க்வாலியால் வகுத்தால் வருவது ஐசிஇஆர் என்கிற விகிதம். இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் தரலாம் என்று பரிந்துரைக்க 1999-ல் தொடங்கப்பட்ட நைஸ் அமைப்பு, ஒரு க்வாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்ற எல்லையை நீண்ட காலம் வைத்திருந்தது. அமெரிக்காவில் மருந்து விலைகளை மதிப்பிடும் ஒரு அமைப்பின் பெயரைச் சுருக்கினாலும் ஐசிஇஆர்தான் வரும், ஆக "ஐசிஇஆர் தந்த ஐசிஇஆர் என்ன?" என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் சிரிக்கக்கூடாது.

இந்த விகிதத்தை மட்டும் நம்பி வரிசை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆரிகன் மாநிலத்தின் கதையைத்தான் எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் எதற்கெல்லாம் பணம் தருவது என்று செலவையும் பலனையும் வைத்து 1990-ல் ஒரு வரைவுப் பட்டியல் தயாரித்தார்கள். அதில் பல்லுக்கு மூடி போடுவது, கருப்பைக்கு வெளியே தங்கிய கருவுக்கான அறுவை சிகிச்சைக்கு ஒரு படி மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்று செய்யாவிட்டால் பல் போகும், இன்னொன்று செய்யாவிட்டால் உயிர் போகும். செலவு குறைவான சிகிச்சை, பலன் சின்னதாக இருந்தாலும் விகிதத்தில் மேலே மிதந்துவிடும். அந்தப் பட்டியலைக் கைவிட்டு வேறு முறைக்குப் போனார்கள்.

பெல்லோஷிப்பின் இரண்டாம் பாதி முழுக்கக் காப்பீட்டுத் தரவு. லட்சக்கணக்கான நோயாளிகள், யார் எப்போது எந்த மருந்து வாங்கினார் என்று வரிசை வரிசையாக இருக்கும், பார்த்ததும் புதையல் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் அது பில் போடுவதற்காக எழுதப்பட்டது, நமக்காக அல்ல. சர்க்கரை நோய் என்று குறியீடு இருந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமா? இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பியதற்கும் அதே குறியீட்டைப் போட்டிருக்கலாம். அதனால்தான் வெளிநோயாளி என்றால் குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு முறை அந்தக் குறியீடு வந்திருக்க வேண்டும் என்பது போல நிபந்தனை வைக்கிறார்கள்.

அங்கேயும் ஒரு முறை விழுந்தேன். மருந்தை ஆறு மாதம் விடாமல் வாங்கியவர்களையும் பாதியில் விட்டவர்களையும் ஒப்பிட்டு, தொடங்கிய நாளிலிருந்து ஆயுளை எண்ணினேன். தொடர்ந்து வாங்கியவர்கள் அபாரமாகப் பிழைத்திருந்தார்கள். பிழைக்காமல்? ஆறு மாதம் வாங்க வேண்டுமென்றால் ஆறு மாதம் உயிரோடு இருந்தே ஆக வேண்டுமே. மூன்றாம் மாதம் இறந்தவர் தானாகவே "பாதியில் விட்டவர்" ஆகிவிடுகிறார். இம்மார்ட்டல் டைம் பயஸ் என்பார்கள், சாகாவரம் பெற்ற காலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்கர் வென்ற நடிகர்கள் வெல்லாதவர்களைவிட ஏறக்குறைய 4 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001-ல் ஒரு ஆய்வு வந்து உலகமெல்லாம் செய்தியானது. விருது வாங்குகிற வயதுவரை உயிரோடு இருந்தால்தானே விருது வாங்க முடியும்? 2006-ல் வேறு குழு இதைச் சரிசெய்து மறுபடி கணக்கிட்டபோது அந்தக் கூடுதல் ஆயுளின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. என்னுடைய அபாரமான முடிவும் அதே மாதிரி கரைந்தது, ஒரு சனிக்கிழமை பிற்பகல் வீணானதுதான் மிச்சம்.

நிறுவனத்தில் இருக்கிறீர்களே, அவர்களுக்குச் சாதகமாகத்தானே எழுதச் சொல்வார்கள் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நேரடியாக யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் ஒரு ஆய்வில் எங்கள் மருந்துக்கும் பழைய மருந்துக்கும் வித்தியாசமே வராதபோது, "வயதானவர்களை மட்டும் தனியாகப் பார்க்கலாமா", "பின்தொடரும் காலத்தைக் கொஞ்சம் நீட்டலாமா" என்று ஒன்று மாற்றி ஒன்றாகக் கேள்வி வந்துகொண்டே இருந்தது, அதே கேள்விகள் நல்ல முடிவு வந்த ஆய்வுக்கு ஒருமுறைகூட வரவில்லை. என்னைக் காப்பாற்றியது, தரவைத் தொடுவதற்கு முன்பே எழுதித் தேதி போட்டு வைத்திருந்த ஆய்வுத் திட்டம். அதைக் காட்டிவிட்டு, புதிதாகக் கேட்டதை எல்லாம் "பின்னால் சேர்த்த பகுப்பாய்வு" என்ற தலைப்பில் தனியாகப் போட்டேன். கட்டுரை தாமதமாக வந்தது, ஆனால் வந்தது.

மென்பொருள் பற்றிக் கேட்டவர்களுக்கு: எக்செல் கட்டாயம், புள்ளியியலுக்கு ஆர் (R) அல்லது சாஸ் (SAS) ஏதாவது ஒன்று. உள்ளே போய்க்கூடக் கற்றுக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் உங்கள் பங்குக்கும் கேள்வி கேளுங்கள். தரவு உங்கள் கைக்கே வருமா, இல்லை வேறு யாரோ ஓட்டித் தந்த அட்டவணைகள் மட்டும் வருமா? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? போன இரண்டு பெல்லோக்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? கடைசியாக, அங்கே இப்போது இருக்கிற பெல்லோவைத் தனியாகப் பிடித்து, மென்டார் உங்கள் வேலையைத் திறந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். நான் போன ஓர் இடத்தில் "ரொம்ப சுதந்திரம் தருவார்" என்றார்கள். இன்னோர் இடத்தில் அந்தப் பெல்லோ பெருமூச்சு விட்டு, "ஒவ்வொரு கட்டமாகத் திறப்பார்" என்றார். இரண்டாவதில் சேர்ந்தேன்.