அம்மாவின் சுடுதண்ணீர்

மார்கழிப் பனியில் அம்மா விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, வாளியைக் குளியலறை வரை தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. எழுபது வயதுக் கை. இந்த வருஷம் தண்ணீர் சூடாக்கும் ஹீட் பம்ப் பூட்டுவதென்று முடிவெடுத்துவிட்டோம்.

150 லீற்றர் தண்ணீரை 27 பாகையிலிருந்து 55 பாகைக்குக் கொண்டுவர, சாதாரண கீசருக்கு ஏறக்குறைய 5 யூனிட் கறண்ட் வேண்டும். ஹீட் பம்ப் வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. பிரிட்ஜின் பின்பக்கம் சூடாகிறதே, அதே வேலைதான். ஒன்றரை, இரண்டு யூனிட் போதும். யாழ்ப்பாணத்து வெக்கைக்கு நல்ல பொருத்தம்.

எனக்குப் பயம் கிணற்றுத் தண்ணீர்தான். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது ஹீட் பம்பின் தண்ணீர்த் தாங்கிக்குள்ளும் பிடிக்கும். அதனால் சூடாக்கும் சுருள் தண்ணீருக்குள் இல்லாமல் தாங்கியின் வெளிப்புறம் சுற்றியிருப்பதாகவும், தாங்கி துருப்பிடிக்காமல் காக்கும் அனோட் கம்பியைக் கழற்றி மாற்றக்கூடியதாகவும் பார்த்துத்தான் எடுக்கப்போகிறோம். காற்றோட்டமான இடமும் வேண்டும். கிணற்றடிச் சுவரோரம் சரிவரும்.

வீட்டில் ஹீட் பம்ப் பூட்டியவர்கள் இருந்தால், தாங்கியை எத்தனை மாதத்துக்கு ஒருக்கால் கழுவுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.