விலாவைப் பார்த்துத்தான் வேலை

வெயில் காலத்தில் பட்டிக்குள் நுழைந்ததும் கண் போக வேண்டிய இடம் ஆட்டின் விலா. நிழலில் ஓய்வாக நிற்கும் செம்மறி நிமிடத்துக்கு 20, 30 முறை மூச்சு விடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். 60-ஐத் தாண்டினால் ஆடு வெப்பத்தோடு போராடத் தொடங்கிவிட்டது; 120-க்கு மேல் போனால் மருந்து ஊற்றுவது, குளம்பு வெட்டுவது எல்லாவற்றையும் மறுநாள் விடியலுக்குத் தள்ளிவிட வேண்டும். வாயை மூடியபடி வேகமாக இரைக்கும் ஆடு இன்னும் சமாளிக்கிறது. வாய் திறந்து, நாக்கு தொங்கி, மூச்சு ஆழமாகி வேகம் குறைந்தால் தணிந்துவிட்டது என்று ஏமாறக் கூடாது. அதுதான் ஆபத்துக் கட்டம்.

கனத்த கம்பளியைக் கண்டால் உடனே கத்தரிக்கத் தோன்றும். ஆனால் வெயிலில் ரோம நுனி கொதித்தாலும் அடியில் தோல் அவ்வளவு சூடேறுவதில்லை, கம்பளியே தடுக்கிறது. கோடைக்கு முன்பே கத்தரித்து, 2 அல்லது 3 சென்டிமீட்டர் வளர விட்டால் வெயிலும் தாக்காது, இரைப்பும் எளிதாகும். ஒட்ட வெட்டினால் தோல் வெந்துவிடும்.

வெள்ளாட்டின் திறமை வேறு. பாலைவன இனங்கள் உடல் எடையில் கால் பங்கு நீரை இழந்தும் தாங்கி, ஒரே மூச்சில் குடித்து ஈடுகட்டும். அந்த நீர் அசையூண் வயிற்றில் (தீவனம் தங்கி நொதிக்கும் முதல் வயிறு) தங்கி மெல்ல மெல்ல ரத்தத்தில் சேர்வதால், சட்டென்று நீர் புகுந்து ரத்தச் சிவப்பணுக்கள் வெடிப்பதில்லை. இதை நம்பிப் பால் கறக்கும் ஆட்டைத் தாகத்தில் விடக் கூடாது. முதலில் குறைவது பால்தான். வெயிலில் கிடக்கும் குழாயில் முதலில் வருவது சுடுநீர். அதை வெளியே ஓடவிட்ட பிறகே தொட்டியில் விட வேண்டும்.

தீவனம் வயிற்றில் நொதிக்கும்போதும் சூடு பிறக்கிறது, தின்ற சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். காலை ஒன்பது மணிக்கு வயிறு நிறையத் தீவனம் போட்டால் அந்தச் சூடும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேரும். பெரும்பங்கை மாலையில் போடுவதே சரி. வெயிலில் தின்னவில்லை என்று தானியத்தைச் சட்டென்று கூட்டுவது இன்னும் மோசம்: தானியம் வயிற்றில் புளிப்பை, அதாவது அமிலத்தைக் கூட்டும்; இரைக்கும் ஆடு உமிழ்நீரை ஒழுக்கிவிடுவதால், அந்தப் புளிப்பை அடக்கும் உமிழ்நீரின் காரத்தன்மை அதனிடம் குறைவு.

கிடாவின் சேதம் வெளியே தெரியாது. விதைப்பை சூடேறினால் விந்தணு கெடும். புதிது உருவாக ஏறக்குறைய ஏழு வாரம் ஆகும். கிடா திடமாகத்தான் நிற்கும், பெட்டைகள் மட்டும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். இணை சேர்க்க நாள் குறிப்பவர்கள் கடைசிக் கடும் வெயிலிலிருந்து எட்டு வாரமாவது தள்ளிக் குறிக்க வேண்டும்.