டெர்ரி பெண்களும் ஐந்து நிமிடப் பேய்களும்

ஜூன் 8, சனி

டெர்ரி கேர்ள்ஸ் தொடரை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன், இந்த முறை அக்கா மகளோடு. தெரியாதவர்களுக்காக: கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் தரப்புகளுக்கு இடையே ஆயுதச் சண்டை நடந்துகொண்டிருந்த 90களின் வட அயர்லாந்து, டெர்ரி நகரம், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி, நான்கு தோழிகள், கூடவே ஆண்கள் பள்ளியில் சேர்த்தால் அடி வாங்குவான் என்று இங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்ட ஓர் ஆங்கிலேயப் பையன். எழுதியவர் லிசா மெக்கீ, அவரே அந்த ஊரில் வளர்ந்தவர். 2018இல் சேனல் 4இல் தொடங்கி 2022இல் முடிந்தது. அவர்கள் பேசும் வேகத்துக்கு சப்டைட்டில் இல்லாமல் பாதி போய்விடும், அதனால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் எபிசோடில் பாலத்தில் குண்டு வைத்திருப்பதாகச் செய்தி வருகிறது. தோழிகளில் ஒருத்தியான எரினின் அம்மாவுக்கு ஒரே கவலை, அப்படியென்றால் இதுகள் ஸ்கூலுக்குப் போகாதா, நாள் முழுக்க வீட்டில் வைத்து மேய்க்க வேண்டுமா என்பது. அம்மாவின் சகோதரிக்கோ தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளும் கடையில் வாங்கிய நேரம் போய்விடுமே என்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பள்ளிப் பேருந்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் ஏறுகிறான், இன்னொரு தோழி மிஷெல் அவனை சைட் அடிக்கிறாள். அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் அந்தத் துப்பாக்கி நிஜம் என்பதை இயக்குநர் ஒரு நொடிகூட மறக்கவில்லை என்பதும் தெரிந்தது. 90களில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்குப் போனவர்களுக்கு இந்தப் பேருந்துக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இரவு யமிஷிபாய். ஜப்பானிய அனிமேஷன் பேய்க்கதைகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், 2013இல் டிவி டோக்கியோவில் தொடங்கியது. அந்தக் காலத்தில் சைக்கிளில் மரப்பெட்டி வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்றுவிட்டு, பட அட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கதை சொல்வார்களே, கமிஷிபாய் என்று, அந்த முறையை அப்படியே எடுத்திருக்கிறார்கள். முகமூடி போட்ட கதைசொல்லி சாயங்காலம் 5 மணிக்குப் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு வருவதோடுதான் ஆரம்பம்.

நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இது அனிமேஷனே இல்லை, பொம்மை அசையவே மாட்டேன் என்கிறது என்றார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரியான முகங்கள், உதடுகூட சரியாக அசையாது. முதல் கதையில் புது வீட்டுக்குக் குடிவந்தவன் அங்கே ஒட்டியிருக்கும் மந்திரத் தாளைப் பார்க்கிறான், எதிர்க் கட்டடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவ்வளவுதான். எல்லாமே உறைந்துபோய் இருக்கும்போது ஒரே ஒரு விஷயம் அசைந்தால் கண் தானாக அங்கே போய்விடுகிறது, பயம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பிற்பாடு வந்த சீசன்களில் எல்லாம் ஒரே தரம் இல்லை, சில கதைகள் சும்மா ஒரு கோரமான முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுகின்றன. முதல் சீசன் மட்டும் பார்த்தாலே போதும்.

ஜூன் 16, ஞாயிறு

டெர்ரி கேர்ள்ஸ் முதல் சீசனின் கடைசிக் காட்சி. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

பள்ளி மேடையில் தோழிகளில் ஒருத்தியான ஓர்லா தனியாக ஏரோபிக்ஸ் ஆடுகிறாள், கீழே இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள். மற்ற நான்கு பேரும் அதுவரை சண்டை, கோபம், அழுகை என்று இருந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக மேடையேறி அவளோடு சேர்ந்து ஆட ஆரம்பிக்கிறார்கள். அதே நேரம் எரின் வீட்டில் பெரியவர்கள் டிவி முன்னால் நிற்கிறார்கள், குண்டுவெடிப்புச் செய்தி ஓடுகிறது. யாரும் எதுவும் பேசுவதில்லை. சீசன் முழுக்க மருமகன் ஜெரியை, அதாவது எரினின் அப்பாவை, திட்டிக்கொண்டே இருந்த தாத்தா ஜோ, அவர் தோளில் கை வைக்கிறார்.

டீன் காமெடி என்றாலே லேசான சமாச்சாரம், நேரப்போக்கு என்று சொல்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அரை மணி நேரம்கூட ஓடாத ஒரு எபிசோடில், வசனமே இல்லாமல், அந்த ஊர் எப்படி உயிரோடு இருந்தது என்பதைச் சொல்லிவிட்டார்கள். பெண்களுக்குச் செய்தி தெரியாது. தெரியவைக்க யாரும் மேடைக்கு ஓடிவரவும் இல்லை. ஒரு வசனம் கூடுதலாக வைத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

யமிஷிபாயில் எனக்குப் பிடித்ததும் இதேதான். பேய் யார், ஏன் வந்தது, எந்தக் குடும்பத்தின் பழைய பாவம் என்று சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள்.

ஜூன் 22, சனி

பழசு இரண்டு. 1953இல் யுபிஏ ஸ்டுடியோ எடுத்த தி டெல்-டேல் ஹார்ட், எட்கர் ஆலன் போ எழுதிய கதை, நடிகர் ஜேம்ஸ் மேசனின் குரல். பிரிட்டனில் எக்ஸ் சான்றிதழ் (பெரியவர்களுக்கு மட்டும்) வாங்கிய முதல் கார்ட்டூன் இதுதான். ரத்தம் எதுவும் கிடையாது, நிழலும் கோணல் சுவர்களும்தான், பெரும்பாலும் கொலைகாரனின் கண் வழியாகவே நாம் பார்க்கிறோம். அவன் முகத்தைத் தேடுவதற்கு நமக்கு வழியே இல்லை, அதனால் அவன் செய்வதை நாம் செய்வது போலவே ஆகிவிடுகிறது.

இன்னொன்று பால் பெர்ரியின் தி சாண்ட்மேன், 1991, பொம்மைகளை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி எடுத்தது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விளக்கோடு ஒரு சின்னப் பையன் படியேறுகிறான், படிகள் கிறீச்சிடுகின்றன. பறவை மாதிரி மூக்கோடு ஒருவன் வருகிறான். பிள்ளைகளின் கண்கள் எங்கே போகின்றன என்பதை இங்கே எழுத மாட்டேன், நீங்களே பாருங்கள். சிறு பிள்ளைகளை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், பொம்மைப் படம் என்று ஏமாந்துவிட வேண்டாம்.

ஜூன் 29, சனி

டெர்ரி கேர்ள்ஸ் முடிந்தது. இரண்டாம் சீசனின் கரும்பலகையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து ஒற்றுமைகளைச் சொல்லுங்கள் என்றால், வேற்றுமைப் பக்கம் மட்டும் நிரம்பி வழிகிறது. அந்தப் பலகையைப் பிறகு பெல்ஃபாஸ்ட்டில் அல்ஸ்டர் மியூசியத்திலேயே வைத்தார்கள்.

கடைசி ஸ்பெஷல் எபிசோட், அந்தச் சண்டையை முடிக்கக் கொண்டுவந்த 1998இன் புனித வெள்ளி உடன்படிக்கைக்கான வாக்கெடுப்பு பற்றியது. மிஷெலின் அண்ணன் கொலைக் குற்றத்தில் சிறையில் இருக்கிறான், உடன்படிக்கை நிறைவேறினால் வெளியே வரலாம். அதை வைத்து எரினும் மிஷெலும் போடும் சண்டையில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, யாரையும் ஜெயிக்கவிடாமல் எழுதியிருக்கிறார் மெக்கீ. இந்தத் தொடரிலேயே அதிகத் துணிச்சலான இடம் அதுதான் என்பேன். நிஜத்தில் அன்று வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் ஆம் என்று ஓட்டுப் போட்டார்கள்.

ஓட்டுச் சாவடியோடு முடித்திருக்கலாம். அப்புறம் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனின் மகள் செல்சி கிளின்டனே நடித்து, பெண்கள் எப்போதோ எழுதிய கடிதத்தை வாங்கும் ஒரு குட்டிக் காட்சி வருகிறது, அதை வெட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அக்கா மகள் ஒத்துக்கொள்ளவே இல்லை, அவளுக்கு அந்தக் காட்சிதான் ரொம்பப் பிடித்ததாம்.