பதினோராம் வகுப்பில் ஹோல்டன்: நவம்பர், டிசம்பர்

நவம்பர் 13, திங்கள்

'தி கேட்சர் இன் த ரை' நாவலின் பிரதிகளைக் கொடுத்தாயிற்று. மூன்றாம் பீரியடுக்கு 27, ஆறாம் பீரியடுக்கு 24. எல்லாம் 214 பக்கப் பதிப்பு. வீட்டில் பழைய பிரதி இருக்கிறது என்றவர்கள் கையிலும் இதையே திணித்தேன். பக்க எண் ஒத்துவராத ஒரு பிரதி இருந்தால் போதும், ஒவ்வொரு வரிக்கும் "எங்கே, எங்கே" என்று மூன்று நிமிடம் போய்விடும். பீரியடே 42 நிமிடம்தான்.

முதல் கேள்வி: "இதற்குப் படம் இருக்கிறதா?" இல்லை. நாவல் வெளிவந்தது 1951 ஜூலையில். எழுதிய சாலிஞ்சர் கடைசிவரை பட உரிமையை விற்கவில்லை. 2010இல் அவர் போன பிறகும் படம் வரவில்லை. இந்த ஒன்றுக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். படித்தே தீர வேண்டும்.

26 அத்தியாயம். இன்றிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைவரை 26 பள்ளி நாள். நாளுக்கு ஒன்று என்று பிரிக்கலாம் போலத் தோன்றும், பிரிக்கக் கூடாது. ஐந்தாவதற்கு இரண்டு நாள் வேண்டும். பத்தும் பதினொன்றும் ஒரே நாளில் போகலாம்.

நவம்பர் 14, செவ்வாய்

கடைசி நான்கு நிமிடம் அட்டை. 3க்கு 5 அங்குலம், ஒரே வாக்கியம், பெயர் வேண்டாம், போகும்போது கதவருகே உள்ள டப்பாவில் போட வேண்டும். வரிசையாக வாங்கினால் யாருடையது என்று தெரிந்துவிடும், அப்புறம் யாரும் மனதில் இருப்பதை எழுத மாட்டார்கள்.

கதையைச் சொல்லும் பையன் ஹோல்டன். "இவனைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது. ஆமாம், இல்லை என்பதோடு நின்றுவிடும். இன்றைய கேள்வி: நான்கு மணி நேர ரயில் பயணம், பக்கத்து இருக்கையில் இவன். என்ன செய்வாய்?

ஹெட்போன் மாட்டிக்கொள்வேன் என்று பதினோரு பேர். "எல்லாம் இருந்தும் புலம்புகிறான்." "என்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டான்." "கேட்டுக்கொண்டே வருவேன், ஆனால் ஒரு வார்த்தையும் நம்ப மாட்டேன்." இந்தக் கடைசி அட்டையைத் தனியே எடுத்துவைத்தேன்.

ஆறாம் பீரியட் டப்பாவில் ஒன்று மட்டும் வெற்று அட்டை.

நவம்பர் 15, புதன்

மூன்றாம் அத்தியாயம். சிவப்பு வேட்டைத் தொப்பி. விலை ஒரு டாலர். அது மான் சுடப் போட்டுக்கொள்ளும் தொப்பி என்று விடுதியில் பக்கத்து அறைக்காரன் ஆக்லி சொல்ல, இது மனிதர்களைச் சுடும் தொப்பி என்கிறான் ஹோல்டன்.

வகுப்பு அப்படியே நின்றது. நியூ ஜெர்சியில் மாதத்துக்கு ஒரு தீ ஒத்திகை, ஒரு பாதுகாப்பு ஒத்திகை என்பது சட்டம். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சுவரோரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 1951இல் ஒரு பையனின் வாய்த்துடுக்காகப் படிக்கப்பட்ட வரி இவர்களுக்கு வேறாகத்தான் கேட்கும். "சும்மா சொல்கிறான்" என்று கடந்தால் அவர்கள் பயத்தைப் பொய்யாக்கியதாகும். வரியைத் தாண்டிக் குதித்தால் அந்த வரி மட்டும்தான் மனதில் நிற்கும்.

செய்தது இதுதான். நின்றோம். இன்று இந்த வரி பயமுறுத்துகிறது என்று பலகையிலேயே எழுதினேன். அதன் கீழே ஒரு கோடு: தொப்பி எங்கெல்லாம் வருகிறது, யார் தலையில், எந்தப் பக்கம் திருப்பி. இனி ஒவ்வொரு முறையும் பக்க எண்ணை எழுத வேண்டும். கடைசியில் அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை இப்போதே சொல்லக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெற்று அட்டை, மறுபடி.

நவம்பர் 17, வெள்ளி

ஐந்தாம் அத்தியாயம். இது கைதவறினால் மீதி இருபத்தொன்றும் கைதவறும்.

தவறுவதற்கு ஹோல்டனேதான் காரணம். அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டருக்காக எழுதும் கட்டுரையின் நடுவில், வீட்டுப்பாடம் பேசுகிற குரலில், தம்பி ஆலியைப் பற்றிச் சொல்கிறான். இடதுகைக்காரனின் பேஸ்பால் கையுறை, அதன்மேல் பச்சை மையில் கவிதைகள். 1946 ஜூலை 18, லுகேமியா. அன்றிரவு கராஜில் படுத்து, எல்லா ஜன்னல்களையும் முஷ்டியால் உடைத்தான். காரின் கண்ணாடிகளையும் உடைக்கப் பார்த்தான், அதற்குள் கை உடைந்துவிட்டது. கொஞ்ச வரிகள்தான். உடனே பேச்சு மாறிவிடுகிறது. வீட்டில் வேகமாகப் படித்துவந்த பிள்ளைகள் அவன் வேகத்திலேயே தாண்டிவிடுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் சுருக்கங்களை நம்பி வருபவர்களுக்குத் 'தம்பி இறந்துவிட்டான்' என்பது தெரியும், பச்சை மை தெரியாது. பச்சை மை தெரியாதவருக்கு ஹோல்டன் புலம்பல்காரன்தான்.

முதல் வாசிப்பு சத்தமாக, நிறுத்தாமல், ஆறேழு நிமிடம். இரண்டாவதில் பென்சிலோடு, பொருட்களின் பெயரை மட்டும் அடிக்கோடிட வேண்டும். உணர்ச்சிச் சொல் எதையும் தொடக் கூடாது. கையுறை, மை, சிவப்புத் தலைமுடி, கராஜ், ஜன்னல். பிறகு கணக்கு: அப்போது ஆலிக்கு 11, இவனுக்கு 13. கதை நடக்கும்போது இவனுக்கு 16. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டபோது மூன்றாம் பீரியடில் ஒருவரும் பேசவில்லை. ஆறாம் பீரியடில் ஒரு பெண், "கையை யார் கட்டினார்கள்? ஏன் ஒருத்தரும் கராஜுக்குப் போகவில்லை?" என்றாள். புத்தகம் அதைச் சொல்வதில்லை. ஜன்னலை உடைத்ததற்காக மனநல மருத்துவரிடம் காட்ட நினைத்தார்கள் என்பது மட்டும் வருகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன் என்கிறான்.

மழை பெய்தால் அந்தக் கை வலிக்கும். வரும் அத்தியாயங்களில் மழையைத் தேடச் சொன்னேன்.

நவம்பர் 20, திங்கள்

எல்லா ஜன்னலும் என்கிறான். எத்தனை என்று சொல்லவில்லை.

நவம்பர் 22, புதன்

அரைநாள். பீரியட் 28 நிமிடம். பனியுருண்டை மட்டும்: கார்மேல் எறியப் பார்க்கிறான், தண்ணீர்க் குழாய்மேல் எறியப் பார்க்கிறான், இரண்டுமே வெள்ளையாக அழகாக இருக்கிறதென்று எறியாமல் கையிலேயே வைத்திருக்கிறான். கார் ஜன்னலைக்கூட உடைக்கப் பார்த்த அதே கை.

நவம்பர் 27, திங்கள்

நான்கு நாள் விடுமுறையில் பாதி மறந்து வந்திருக்கிறார்கள்.

பள்ளியை விட்டு நியூயார்க் வந்துவிட்டான். பென் ஸ்டேஷன் தொலைபேசிக் கூண்டு. யாரைக் கூப்பிடலாம் என்று இருபது நிமிடம் யோசித்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் வெளியே வருகிறான். கூண்டு என்றால் என்ன, காசு போட்டுப் பேசுவது எப்படி, எடுப்பது யார் என்று தெரியாமல் எண்ணைச் சுழற்றுவது எப்படி, இதை விளக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அவனுக்குப் பிடித்த பெண் ஜேனின் வீட்டுக்கு அவன் கூப்பிடும்போது அவள் அம்மா எடுத்தால் ஏன் வைத்துவிடுகிறான் என்பது அதற்குப் பிறகுதான் புரியும். இன்றைய அட்டை: "எழுதி எழுதி அழித்த மெசேஜ்." நல்ல மொழிபெயர்ப்பு.

வெற்று அட்டை. கையெழுத்தே இல்லாததால் ஒப்பிடவும் வழியில்லை. ஒப்பிடவும் கூடாது.

நவம்பர் 28, செவ்வாய்

ஹோல்டன் அடிக்கடி சொல்லும் ஃபோனி என்ற சொல்லைத் தமிழில் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். போலி என்பது பொருளுக்குத்தான் முதலில் பொருந்துகிறது: போலி நகை, போலி மருந்து. பாசாங்கு கொஞ்சம் நெருங்கி வருகிறது. பகட்டு இன்னொரு பக்கம். ஹோல்டன் இந்த மூன்றையும் ஒரே சொல்லால் அடிக்கிறான். எதையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை அவனிடம் இல்லை.

நவம்பர் 29, புதன்

நோய்ப்பெயர்கள் வந்துவிட்டன. மனச்சோர்வு, பிடிஎஸ்டி, பைபோலார். ஒருவர் ஆரம்பித்தால் வகுப்பே மருத்துவர்கள் ஆகிவிடுகிறது. பரிவோடுதான் சொல்கிறார்கள். புலம்பல்காரன் என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பெயர் வைத்ததும் வாசிப்பு நின்றுபோகிறது. அடுத்த பக்கத்தில் அவன் என்ன செய்தாலும் "அதனால்தான்" என்று பதில் தயாராக இருக்கிறது.

ஒரு வாரம் நோய்ப்பெயருக்குத் தடை. அதற்குப் பதில் வினைச்சொல். அவன் என்ன செய்தான்? தொப்பியைத் திருப்பினான். போனை வைத்தான். வாத்துகளைப் பற்றி டாக்சி ஓட்டுநர்களிடம் கேட்டான், ஒருவரிடம் இல்லை, இருவரிடம். சென்ட்ரல் பார்க் குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகும்? முதல் ஓட்டுநருக்கு இது கிண்டல். ஹார்விட்ஸ் என்ற இரண்டாவது ஆள் கோபத்தோடு மீன்களைப் பற்றிப் பேசுகிறார். ஆனாலும் அவர்தான் பதில் சொல்கிறார். "முதல்முறையாக ஒரு பெரியவர் இவனோடு சண்டை போடுகிற அளவுக்கு மதிக்கிறார்" என்றது ஒரு அட்டை. இதை நோய்ப்பெயர் கொண்டுவந்திருக்காது.

டிசம்பர் 1, வெள்ளி

ஒரு பெற்றோரின் ஆட்சேபக் கடிதம் வந்துவிட்டது. 13ஆம் அத்தியாயமும் 24ஆம் அத்தியாயமும். நான்கு பக்கம். ஆட்சேபத்தை விசாரிக்கும் கமிட்டி கூடும்வரை வாசிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஆறாம் பீரியடில் ஒருவர் மட்டும் திங்களிலிருந்து நூலகத்தில் வேறு நாவல் படிப்பார்.

1960இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் இதே வகுப்புக்கு இதே புத்தகத்தைக் கொடுத்த ஆசிரியர் வேலையை இழந்தார். முறையிட்டு வேலையைத் திரும்பப் பெற்றார். புத்தகம் திரும்பவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

13. ஹோட்டல் அறைக்கு பாலியல் தொழில் செய்யும் சன்னி வரும் அத்தியாயம். பையன்கள் சிரிப்பார்கள் என்பது தெரிந்ததே. அடக்கினால் சிரிப்பு இன்னும் கூடும். சிரித்து முடியட்டும் என்று விட்டு ஒன்றுதான் கேட்டேன்: அவளுடைய பச்சை உடையை மாட்டிவைப்பது யார்? பக்கத்தைப் புரட்டினார்கள். ஹோல்டன். மாட்டும்போது, கடையில் இதை அவள் வாங்கியிருப்பாள், விற்றவருக்கு அவள் யார் என்றே தெரிந்திருக்காது என்று நினைத்து வருந்துகிறான். அவளுக்கும் கிட்டத்தட்ட இவன் வயதுதான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கடிதம் எழுதியவர் இந்த உடையைக் குறிப்பிடவே இல்லை. அவர்மேல் கோபம் இல்லை. பிள்ளைக்காகப் பயப்படுகிற எழுத்து அது. ஆனால் அந்தப் பிள்ளை இன்று இந்த அறையில் இல்லை. உடை மாட்டப்பட்டதைப் பார்க்கவில்லை.

ஆறாம் பீரியடில் இன்றும் ஒரு வெற்று அட்டை. அப்படியானால் நூலகத்துக்குப் போனவர் இல்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

14. சத்தமாகத்தான் படிக்க வேண்டும். மௌனமாகப் படித்தால் ஹோல்டன் குறை சொல்வது மட்டும் கேட்கும், சத்தமாகப் படித்தால் பயம் கேட்கும். சன்னி போன பிறகு இருட்டில் ஆலியோடு பேசுகிறான்: வீட்டுக்குப் போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு நண்பன் பாபியின் வீட்டு வாசலுக்கு வா. ஒருமுறை சின்னப் பையன் என்று ஆலியைக் கூட்டிப்போக மறுத்திருந்தான். மனது ரொம்பச் சரிந்துபோகும்போது இப்போது கூப்பிடுகிறான்.

படித்துக்கொண்டிருந்த பையன் பாதியில் நிறுத்திவிட்டான். அடுத்தவர் தொடர்ந்தார்.

டிசம்பர் 6, புதன்

ஹோல்டனின் செலவுக் கணக்குப் பேரேடு. இரண்டு பத்தி, வந்தது, போனது. தொண்ணூறு டாலர் டைப்ரைட்டரை விற்று வந்தது 20. ஹோட்டலின் லாவெண்டர் ரூமில் மூன்று பெண்களின் குடிக்கான பில் சுமார் 13. சன்னிக்கு 5, அவளை அனுப்பிய லிஃப்ட்காரன் மோரிஸ் பிடுங்கியது இன்னொரு 5. கன்னியாஸ்திரீகளுக்கு 10. அடுத்த பக்கத்தில் தூக்கமும் சாப்பாடும்: எங்கே தூங்கினான், என்ன தின்றான். ரயில் நிலைய பெஞ்சும் விழுங்க முடியாத டோனட்டும் வரும்போது இந்தப் பக்கம் தானே பேசும்.

அன்றைய பத்து டாலர் இன்று 120க்கு மேல். "பணக்காரப் பையன்" என்றவர்களில் பாதிப்பேர் பேரேட்டைப் பார்த்து யோசித்தார்கள். பள்ளி முடிந்து மளிகைக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி யோசிக்கவில்லை. "போனது திரும்ப வரும் என்று தெரிந்தவன்தான் இப்படிக் கொடுப்பான்" என்றாள். அவள் சொல்வது சரி. ஹோல்டனுக்காக அவளிடம் வாதாட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

டிசம்பர் 8, வெள்ளி

கமிட்டியிடமிருந்து ஒன்றும் இல்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

20. தங்கை ஃபீபிக்காக ஐந்து டாலர் கொடுத்து வாங்கிய இசைத்தட்டு கைதவறி உடைகிறது. துண்டுகளை உறையிலிருந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறான். குளத்தில் வாத்துகள் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மழை பெய்தபோது வந்தவர்கள் ஓடிப்போய்க் காரில் ஏறி ரேடியோ போட்டார்கள், ஆலி மட்டும் அங்கேயே. மழையைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கை வலித்ததா என்று கேட்டார்கள்.

டிசம்பர் 14, வியாழன்

22. முந்தின நாளே பள்ளியின் மனநல ஆலோசகருக்குச் சொல்லியாயிற்று. ஜன்னலிலிருந்து குதித்த பழைய பள்ளித்தோழன் ஜேம்ஸ் காசிலின் மரணம் வருகிறது என்று வகுப்புக்கும் முன்கூட்டியே சொன்னேன். வெளியே உட்கார விரும்புபவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பலகையின் மூலையில் தற்கொலைத் தடுப்பு உதவி எண், 988. மாதம் முழுக்க அது அங்கேயே இருக்கும். இன்று மட்டும் எழுதினால் இன்று மட்டும்தான் தேவை என்றாகிவிடும்.

பிடித்த ஒன்றைச் சொல் என்று ஃபீபி கேட்கிறாள். ஆலி என்கிறான். அவன்தான் இறந்துவிட்டானே என்கிறாள் பத்து வயதுக் குழந்தை. பிறகுதான் ரை தானிய வயல், விளிம்பில் நின்று விழப்போகும் பிள்ளைகளைப் பிடிப்பது. ராபர்ட் பர்ன்ஸின் பாட்டில் அது 'சந்தித்தால்' என்று இருக்கிறது, இவன் காதில் 'பிடித்தால்' என்று விழுந்திருக்கிறது. ஃபீபி திருத்துகிறாள். இதை வேகமாகக் கடந்தால் தலைப்பே பிடிபடாது. பிடிக்கவே முடியாமல் போன ஒருவன் இருக்கிறான் என்பதால்தான் அப்படிக் கேட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வகுப்பில் சொல்லவில்லை.

வெற்று அட்டையில் இன்று பென்சில் முனை பட்ட ஒரு புள்ளி. எழுத ஆரம்பித்ததா, டப்பாவில் உரசியதா?

டிசம்பர் 18, திங்கள்

24. ஹோல்டனின் பழைய ஆசிரியர் ஆண்டோலினி. காசிலின் உடலைத் தன் கோட்டால் மூடித் தூக்கிப்போனவரும் இவர்தான். இரவில் ஹோல்டன் விழிக்கும்போது அவன் தலையை வருடிக்கொண்டிருப்பவரும் இவர்தான். தீர்ப்பு எழுதச் சொல்லக் கூடாது. ஹோல்டனே மறுநாள் தன் முடிவைச் சந்தேகிக்கிறான். "ஓடியது சரி" என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன். பயந்தால் ஓடலாம். காரணம் பிறகு தேடிக்கொள்ளலாம்.

கமிட்டி ஜனவரிக்குத் தள்ளிவைத்துவிட்டது. வெளியே கனமழை.

டிசம்பர் 19, செவ்வாய்

25. தெருவைக் கடக்கும்போதெல்லாம், ஆலி, என்னைக் காணாமல் போக விடாதே என்று வேண்டிக்கொள்கிறான். ராட்டினம். மழை. தொப்பியை அவன் தலையில் வைக்கிறாள் ஃபீபி. நவம்பரில் தொடங்கிய தொப்பிக் குறிப்பை எடுத்து எல்லோரும் பக்க எண்ணைப் பார்த்தார்கள். ரயில் கேள்வியையே மறுபடி கொடுத்தேன். ஹெட்போன் நான்கு பேர். ஒரு அட்டை: "இன்னும் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கத்து சீட்டை அவனுக்குக் கொடுப்பேன்."

ஆறாம் பீரியட் டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

நாளை 26. இரண்டு பக்கம்கூட இல்லை, வாசிக்க மூன்று நிமிடம். மீதி 39 நிமிடத்துக்கு