கேரவன் ஹேண்ட்பிரேக்கும் 'பிரேக் நன்றாக உள்ளது' என்ற ஒரு வரியும்

ராமநாதபுரம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போன வாரம் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தம்பியின் கால் பழையபடி ஆகப்போவதில்லை. ஆனாலும் ஒரு வரியை உடைக்க நாங்கள் பட்ட பாடு இன்னொருவருக்கு உதவட்டும்.

தனுஷ்கோடியில் தம்பி சங்கும் சிப்பி மாலையும் விற்கிறான். படப்பிடிப்புக்கு வந்த கேரவன் வேனைச் சாலையோரச் சரிவில் நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கிப் போனார். வண்டி தானாகப் பின்னால் உருண்டு, தம்பியைக் கடையோடு சேர்த்து நசுக்கியது. எஃப்.ஐ.ஆர்., மதுரையில் ஆபரேஷன், ஆறு மாதக் கெடுவுக்குள் எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) தாக்கல் எல்லாம் தடையில்லாமல் நடந்தன.

பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது விபத்து வண்டியைச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், கொடுத்த அறிக்கை கைக்கு வந்தபோதுதான் வயிறு எரிந்தது. வண்டியை ஓட்டி, கால் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு 'பிரேக் நன்றாக உள்ளது' என்று எழுதியிருந்தார். நிறுத்திய வண்டி உருண்டதற்குக் கால் பிரேக்கைச் சோதித்து என்ன பயன்? ஹேண்ட்பிரேக் பற்றி ஒரு சொல் இல்லை. ஸ்டேஷனில் கேட்டால், "ஆர்.டி.ஓ. ஆபீசுல போய்க் கேளுங்கம்மா." அங்கே போனால், "ஸ்டேஷன்ல கேட்டதைத்தான் பார்த்தோம்." மறுசோதனைக்கு அலைவதற்குள் வண்டியை விடுவித்துவிட்டார்கள், கேபிளும் புதிதாக மாறிவிட்டது. வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போதே, ஹேண்ட்பிரேக்கைத் தனியாகச் சோதிக்கும்படி எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கிவிடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது என் வீட்டுக்காரர் அன்று எடுத்த போட்டோக்கள். ஒன்றில் ஹேண்ட்பிரேக் லீவர் உச்சிவரை இழுபட்டு நிற்கிறது. இன்னொன்றில் வண்டிக்கு அடியில் கேபிள் உறை வெடித்து, துருப்பொடி உதிர்ந்து கிடக்கிறது. ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரிடம் காட்டினோம். "நாலைந்து 'டிக்'கில பிடிக்க வேண்டிய லீவர்மா இது. மேல வரைக்கும் வந்தும் பிடிக்கலைன்னா, ஒண்ணு கேபிள் போயிருக்கு, இல்ல லைனிங் தேஞ்சிருக்கு. இந்தத் துரு ஒரு நாள்ல வராது" என்றார். 'திடீர்க் கோளாறு, யார் தவறும் இல்லை' என்ற இன்சூரன்ஸ் தரப்பு வாதத்துக்கு அதுதான் பதில். உரிமையாளர் பல மாதமாகப் பார்க்காமல் விட்ட வண்டி அது.

போட்டோவை அப்படியே கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுப்படி, ஹாஷ் மதிப்போடு (படக் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழ் வேண்டும். படம் எடுத்த போனை விற்றுவிடாதீர்கள். நிபுணர் அறிக்கையும் தாளாக இருந்தால் போதாது. அவரே கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். எங்கள் நிபுணர் மதுரையிலிருந்து பஸ் பிடித்து வந்த நாளில் எதிர்த்தரப்பு வாய்தா வாங்கியது. அந்த வயதானவரைத் திருப்பி அனுப்பியது இன்னும் உறுத்துகிறது.

'வண்டி ஓடவே இல்லை, நின்றது' என்றும் வாதாடிப் பார்த்தார்கள். நிற்கும் வண்டியும் பயன்பாட்டில் உள்ள வண்டியாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டதை எங்கள் வக்கீல் எடுத்து வைத்தார்.

திருப்பம் பிரேக் இன்ஸ்பெக்டரைச் சம்மன் போட்டு வரவழைத்த நாளில் வந்தது. சாட்சிப் படி கட்டி, மனுப் போட்டுத்தான் அழைத்தோம். "ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சரிவில் நிறுத்திப் பார்த்தீர்களா?"

"இல்லை."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை அலைச்சலும். இழப்பீட்டுத் தொகையைக் கட்ட எதிர்த்தரப்புக்கு 30 நாள் இருக்கிறது. தவறினால் தொகையை வசூலிக்க நிறைவேற்றல் மனுப் போட, தீர்ப்பு நகலுக்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டோம்.