குளோபல் மெடிசின் படிக்கணுமா? க்ளாஸ் எந்த ஊர்ல நடக்குதுன்னு மொதல்ல பாருங்க

ஹவுஸ் சர்ஜன் முடிச்சவங்க, ஐசியு நர்ஸுங்க, ஃபார்மசி படிச்சவங்கன்னு நெறைய பேரு "அக்கா, குளோபல் ஹெல்த்ல மாஸ்டர்ஸ் பண்ணலாமா, இல்ல டிடிஎம் அண்ட் ஹெச் போதுமா"ன்னு கேக்கறீங்க (குளோபல் ஹெல்த், குளோபல் மெடிசின்னா ஏழை நாடுங்களையும் சேத்து உலகம் பூரா ஜனங்களோட ஆரோக்கியத்தப் பத்தின படிப்பு, டிடிஎம் அண்ட் ஹெச்னா மலேரியா மாதிரி வெப்பமண்டல நோய்ங்களப் பத்தின டிப்ளமோ), தனித்தனியா பதில் போட முடியல, அதான் இங்கயே எழுதிடறேன்.

என் கருத்து இதான். யுனிவர்சிட்டி ரேங்க்க அப்புறம் பாருங்க. பாடம் எந்த ஊர் வார்டுல நடக்குது, சொல்லித்தர்றவங்க அந்த வார்டுல வேலை பாக்கறவங்களான்னு மொதல்ல பாருங்க.

ஏன்னு சொல்றேன். குழந்தை ஷாக்ல, அதாவது உடம்புல ரத்த ஓட்டம் ரொம்ப கொறஞ்சு வருது, கை கால் ஜில்லுன்னு இருக்கு, பல்ஸ் வீக்கு, உடனே லைன் போட்டு கிலோவுக்கு 20 எம்எல் சலைன் வேகமா ஏத்துன்னு தான நம்ம எல்லாருக்கும் சொல்லித்தந்தாங்க? இத உகாண்டா, கென்யா, டான்சானியா ஆஸ்பத்திரிகள்ல 3141 குழந்தைங்க கிட்ட டெஸ்ட் பண்ணாங்க, ஃபீஸ்ட் ட்ரையல்னு பேரு, ரிசல்ட் 2011ல வந்துச்சு. எல்லாம் காய்ச்சலோட வந்த குழந்தைங்க, பாதிக்கு மேல மலேரியா, ரத்தம் பயங்கரமா கொறஞ்சு போய் வந்ததும் நெறைய, வென்டிலேட்டர் வெச்ச ஐசியுல்லாம் அங்க கெடையாது. வேகமா ஃப்ளூயிட் ஏத்தின குழந்தைங்கள்ல 48 மணி நேரத்துக்குள்ள இறந்தது நூத்துக்கு 10.5 பக்கம், வேகமா ஏத்தாம மெயின்டனன்ஸ் (உடம்புக்கு வழக்கமா தேவைப்படற அளவு ஃப்ளூயிட், மெதுவா) மட்டும் குடுத்ததுல 7.3. ட்ரையல முன்கூட்டியே நிறுத்திட்டாங்க. (வயித்துப்போக்குல வறண்டு வர்ற குழந்தைங்கள இதுல சேக்கவே இல்ல, அவங்களுக்கு ஃப்ளூயிட் குடுத்தே ஆகணும், தயவுசெஞ்சு கொழப்பிக்காதீங்க.)

எத்தனை வருஷமா எத்தனை டாக்டருங்க நல்ல மனசோட ஏத்திருப்பாங்க! இத மொதல் தடவை படிச்சப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வரல. பணக்கார நாட்டு ஐசியுவ மனசுல வெச்சு எழுதின ப்ரோட்டோகால அப்படியே தூக்கிட்டுப் போயி வேற ஊர் குழந்தைக்குப் போடக்கூடாது, அந்த ஊர்லயே செஞ்சு பாத்து தான் தெரிஞ்சுக்க முடியும். குளோபல் மெடிசின்ல நான் கத்துக்கிட்டதுலயே பெரிய விஷயம் இதான்.

நம்ம ஊர்லயும் இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு, நெறைய மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸுக்கே தெரியறதில்ல. டிபி வந்தா சானடோரியத்துல (டிபி நோயாளிங்கள தங்க வெச்சுப் பாக்கிற ஆஸ்பத்திரி) மாசக்கணக்குல படுத்து, நல்ல சாப்பாடு, நல்ல காத்துன்னு இருந்தா தான் சரியாகும்னு உலகமே நம்பிட்டு இருந்த காலம். 1956ல மெட்ராஸ்ல ஒரு சென்டர் ஆரம்பிச்சு, ஏழைக் குடும்பத்து நோயாளிங்க 193 பேர ரெண்டா பிரிச்சாங்க, பாதி பேரு சானடோரியம், பாதி பேரு நெரிசலான சொந்த வீட்டுலயே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மாத்திரைங்க ஒரு வருஷம். வீட்டுல இருந்தவங்க சாப்பாடு மட்டம் தான், ஆனா கிட்டத்தட்ட அதே அளவுக்கு கொணமானாங்க, கூட இருந்த குடும்பத்துக்காரங்களுக்கும் நோய் அதிகமா பரவல. 1959ல ரிசல்ட் வந்தப்புறம் உலகம் பூரா டிபி ட்ரீட்மென்ட் மாறுச்சு. அந்த சென்டர் தான் இன்னிக்கு சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆனா இந்தப் படிப்பு ஆரம்பிச்ச வரலாறு வேற மாதிரி. வெப்பமண்டல நோய்ங்களப் பத்தி சொல்லித்தர்ற இங்கிலாந்தோட லிவர்பூல் ஸ்கூல் 1898ல ஒரு கப்பல் கம்பெனி முதலாளி குடுத்த 350 பவுண்டுல வந்தது, ஆப்பிரிக்கா வியாபாரத்துக்குப் போறவங்க காய்ச்சல்ல சாகறாங்கங்கறது தான் அவங்க கவலை. ரொனால்ட் ராஸ்ங்கற பிரிட்டிஷ் டாக்டர் 1897ல செகந்திராபாத்ல கொசு வயித்துக்குள்ள மலேரியா கிருமிய கண்டுபிடிச்சுட்டு, போயி பாடம் எடுத்தது அந்த லிவர்பூல்ல. நோயாளிங்க இந்தப் பக்கம், க்ளாஸ் ரூம் அந்தப் பக்கம்னு ரொம்ப காலம் ஓடிடுச்சு.

இப்ப மாறிட்டு வருது. லண்டன், லிவர்பூல் ரெண்டுலயும் டிடிஎம் அண்ட் ஹெச் சுமாரா மூணு மாசம், மைக்ராஸ்கோப் ட்ரெய்னிங் பிரமாதமா இருக்கும். ஆனா அதே டிப்ளமோவ லண்டன்ல இருக்கிற அதே மாதிரி ஸ்கூல் தான்சானியாவுல மோஷி, உகாண்டாவுல கம்பாலான்னு அங்கயே நடத்துற ஒரு கோர்ஸும் இருக்கு, வாய்ப்பு கெடச்சா அதத் தேடிப் போங்க. டிடிஎம் அண்ட் ஹெச் டாக்டருங்களுக்கு. அத முடிச்சா ஸ்பெஷலிஸ்ட் ஆயிடலாம்னு நெனைக்காதீங்க, எம்டி வேற இது வேற.

நர்ஸுங்க, ஃபார்மசிஸ்ட்டுங்க எல்லாரும் கட்டாயம் பாக்க வேண்டியது ருவாண்டாவுல புட்டாரோங்கற மலை ஊர்ல இருக்கிற யுனிவர்சிட்டி ஆஃப் குளோபல் ஹெல்த் ஈக்விட்டி. பால் ஃபார்மர்ங்கற அமெரிக்க டாக்டரும், ஏழை நாடுங்கள்ல வைத்தியம் பாக்கிற பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்ங்கற தொண்டு நிறுவனமும் சேந்து கொண்டுவந்தது. மூணு லட்சத்துக்கு மேல ஜனம் இருந்தும் ஒரு ஆஸ்பத்திரி இல்லாம இருந்த மாவட்டம் அது, 2011ல தான் ஆஸ்பத்திரி வந்துச்சு, அடுத்த வருஷமே அங்க கேன்சர் சென்டர். அந்த ஆஸ்பத்திரி பக்கத்துலயே உக்காந்து, மருந்து எப்படி மலையேறி வருது, நோயாளி பஸ் காசுக்கு என்ன பண்றாங்க, சம்பளம் எங்கேர்ந்து வருதுன்னு படிக்கிறது எவ்ளோ பெரிய விஷயம்!

போறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. நீங்க வேலை பாக்கிற ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீஷியன் அண்ணா கிட்ட கேட்டு தினமும் கொஞ்ச நேரம் மலேரியா ஸ்மியர் (கண்ணாடி ஸ்லைடுல தடவின ரத்தம்) மைக்ராஸ்கோப்ல பாருங்க, ரத்தத்த தடிமனா தடவின திக் ஃபிலிம்ல கிருமி இருக்கான்னு பாத்து, மெல்லிசா தடவின தின் ஃபிலிம்ல வைவாக்ஸா ஃபால்சிபேரமான்னு மலேரியா கிருமியோட வகைய பிரிச்சு சொல்லப் பழகுங்க. அப்ளிகேஷன்ல எழுதறதுக்கும் உருப்படியா ஒரு விஷயம் இருக்கும்.